யாப்புக்கு நம்பர் போட்ட கதை

எங்கட ஊர் வாசிகசாலையின்ர பொதுக்கூட்டத்தில போன மாசம் ஒரு பெரிய இழுபறி. சந்தா கட்டாத ஆக்கள் வாக்குப் போடலாமோ எண்ட கேள்வி வர, மாஸ்டர் எழும்பி யாப்பில, அதுதான் வாசிகசாலையின்ர விதிப் புத்தகத்தில, 7.3ஐ வாசிச்சார், ஏலாது எண்டு கிடக்கு. பின்னுக்கிருந்த அண்ணை தன்ர கொப்பியை விரிச்சு, "இல்லை மாஸ்டர், 7.3 கதிரை இரவல் குடுக்கிறதைப் பற்றியெல்லோ" எண்டார். பாத்தா ரெண்டு பேரும் சரி. எப்பவோ ஒருக்கா நடுவில ஒரு விதியைச் செருகிப்போட்டு, கீழ இருந்த எல்லாத்துக்கும் ஒவ்வொரு நம்பர் கூட்டி திரும்ப ரைப் அடிச்சிருக்கினம், பழைய கொப்பியளை ஆரும் திருப்பி வாங்கேல்லை.

கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியன் எண்டு, யாப்புக்குத் திரும்ப நம்பர் போடுற வேலை என்ர தலையில விழுந்துது.

பழைய யாப்பைப் பாத்தா தலை சுத்தும், பகுதி, அதுக்குள்ள விதி, அதுக்குள்ள (2), அதுக்குள்ள (ஈ), அதுக்குள்ள ரோமன் இலக்கம். பேப்பரில வடிவா இருக்கும், கூட்டத்தில வாய்விட்டு வாசிச்சுப் பாருங்கோ, இனாவோ ஈயன்னாவோ எண்டு ரெண்டு தரம் கேக்க வேணும். ஆங்கில எழுத்துப் போட்டா இன்னும் மோசம், எச்சுக்குப் பிறகு வாற ஐயும் ரோமன் ஒண்டும் பாக்க ஒண்டுதான்.

சரி முழுக்கப் புள்ளி இலக்கம் போடுவம் எண்டு நினைச்சன். அதுக்கு ஐஎஸ்ஓ 2145 எண்டு 1978இல வந்த ஒரு சர்வதேச நியமமே இருக்கு, இடையில புள்ளி, கடைசி இலக்கத்துக்குப் பிறகு புள்ளி இல்லை. நல்லதுதான், ஆனா 4.2.1.3.2 எண்டு போனா ஆருக்கு ஞாபகம் நிக்கும்? எக்செலில அட்டவணை போடேக்க அது 7.10ஐ 7.1 ஆக்கிவிட்டது வேற கதை, அந்தக் கட்டத்தை முதலே டெக்ஸ்ட் எண்டு மாத்தியிருக்க வேணும்.

யோசிச்சுப் பாத்தா குறளிலயே விடை இருக்கு. பால், இயல், அதிகாரம் எண்டு எவ்வளவு அடுக்கு, ஆனா நாங்கள் "கற்க கசடற" எத்தினையாவது எண்டா 391 எண்டுறம், பொருட்பாலில கல்வி அதிகாரத்தில முதலாவது எண்டு ஆரும் இழுக்கிறேல்லை. அடுக்கு விளங்கிக்கொள்ள, நம்பர் தேடி எடுக்க. அதால பகுதி மாறினாலும் விதி நம்பரை 1 தொடக்கம் கடைசி மட்டும் ஒரே ஓட்டமா விட்டன். உள்ளுக்கு 14.2, மிஞ்சினா 14.2.1, அதுக்குக் கீழ போகத் தேவைப்பட்டா விதியை ரெண்டாப் பிரிக்கிறது.

பிறகு புது விதி செருகிறதுக்கு எங்கட இலங்கை அரசியலமைப்பே வழி காட்டுது. 1987இல 13ஆம் திருத்தம் வரேக்க மாகாண சபைக்குரிய உறுப்புரையளை 154க்குப் பின்னால 154அ எண்டு தொடங்கித்தான் செருகினவை, 155 அசையாமல் அதே பொதுசனப் பாதுகாப்பாவே கிடக்கு. அசிங்கமா இருக்கு எண்டு மாஸ்டர் சொன்னார். இருக்கட்டும் மாஸ்டர், கூட்ட அறிக்கைக் கொப்பியில எழுதின நம்பர் பிழைக்காமல் இருந்தாச் சரி எண்டன். நீக்கிற விதிக்கும் நம்பர் அப்பிடியே நிக்கும், பக்கத்தில "நீக்கப்பட்டது" எண்டு மட்டும் வரும்.

ஒண்டு மட்டும், வரைவு நிலையில கையால நம்பர் அடிக்காதேங்கோ. வேர்டில தலைப்பு ஸ்டைலோட மல்ட்டிலெவல் லிஸ்டை (அடுக்கடுக்கா தானா நம்பர் போடுற வசதி) இணைச்சு, "14.2ஐப் பார்க்க" எண்டு வாற இடமெல்லாம் குறொஸ் ரெஃபரன்ஸ் போட்டு, கடைசியா எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எஃப்9 அமத்தினா தானாத் திருந்தும். சபை ஏற்றுக்கொண்ட அண்டைக்கு அந்த லிஸ்டை வெறும் எழுத்தா மாத்திப்போட வேணும், இல்லாட்டி அடுத்த செயலாளர் ஒரு என்ரர் தட்ட எல்லாம் நகரும்.

பழைய நம்பர், புது நம்பர் எண்டு ஒரு பக்க அட்டவணையும் அடிச்சு அறிக்கைக் கொப்பியின்ர உள்மட்டையில ஒட்டியாச்சு. அண்ணையிட்ட பழைய யாப்பைத் தாங்கோ எண்டு மூண்டு தரம் கேட்டிட்டன், வீட்டில எங்கயோ கிடக்கு தம்பி எண்டுறார்.