ஐந்து ஆணி, ஐந்து துண்டு

என் கணவரின் முழங்கைக்குக் கீழே முதலில் தெரிந்தது கடுகளவு சிவப்பு. புரட்டாசிக் கடைசியில் தேயிலைக்குக் கவாத்து வெட்டும்போது குச்சி கீறிய இடம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கீறல் இல்லாத கையை இங்கே பார்ப்பதே அரிது, அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, நடுவில் மஞ்சளாக முனை கட்டி, தொட்டால் சுட்டது. சிலந்தி கடித்திருக்கும் என்றார் அவர். சூட்டுக் கட்டி என்றார் அத்தை. 6,000 அடி உயரத்தில், ஸ்வெட்டருக்குள் நடுங்கும் ஊரில் உடம்புக்குச் சூடு எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பதிலாக மூன்று தவறுகள் செய்தேன். ஊசியைத் தீயில் காட்டி, முனையைக் குத்திப் பிதுக்கினேன். வந்த சீழை வீட்டில் எல்லோரும் முகம் துடைக்கும் துண்டாலேயே துடைத்தேன். மறுநாள் மருந்துக் கடையில் சொல்லி செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி வந்தேன். மாத்திரை அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அந்தக் கோட்டைப் பற்றி விளம்பரமே செய்தது. கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை, நானும் கோட்டைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, வலி குறையவில்லை என்று என் கணவரே நிறுத்திவிட்டார்.

காய்ச்சல் வந்து, சிவப்பு முழங்கையைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியதும் குன்னூருக்கு பஸ் ஏறினோம். மருத்துவர் என்னைவிட இளையவர். கட்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிதுக்கியது யார்?" நான் தரையைப் பார்த்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறி, சீழை வெளியேற்றினார். நான் பிதுக்கியது மேலே இருந்த நுரை மட்டும்தான். அடியில் இன்னொரு கிணறே இருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியில் கொஞ்சம் சீழ் எடுத்துக் குழாயில் போட்டு, கிருமியை வளர்த்து எது என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். "கட்டிக்குக் கத்திதான் முதல் மருந்து. சீழை உள்ளே வைத்துக்கொண்டு எந்த மாத்திரை போட்டாலும் சரியாகப் போய்ச் சேராது" என்றார்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. இடப்பக்கம் மருந்துப் பெயர்கள், எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ஆர் என்றால் அடங்காது. கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப், கட்டி வரவைக்கும் பாக்டீரியா. மெத்திசிலின் வகை மருந்துக்குக் கிருமி அடங்குமா என்று காட்டும் செஃபாக்சிட்டின் என்ற வரியில் விரலை வைத்தார் மருத்துவர்: ஆர். "இது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப்."

பென்சிலினுக்கு அடங்காத ஸ்டாஃபை அடக்குவதற்காக 1959-இல் மெத்திசிலின் வந்ததாம். 1961-இலேயே அதற்கும் அடங்காத ரகம் இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது. மெத்திசிலினை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. பெயர் மட்டும் கிருமியோடு ஒட்டிக்கொண்டது. அந்த வகை மருந்துகள், கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். இந்த ரகத்திடம் மருந்தின் பிடிக்குச் சிக்காத இன்னொரு புரதம் இருக்கிறது. ஒரு கொத்தனாரின் கையைக் கட்டினால் இன்னொருவர் வந்து சுவரை எழுப்பிவிடுவார். அத்தனைக்கும் நான் வாங்கிக் கொடுத்த செஃபிக்ஸிம் சாதாரண ஸ்டாஃபுக்கே சரியாகக் கேட்காதாம். தாளில் எஸ் விழுந்திருந்த ஒரு மாத்திரையை ஏழு நாளைக்கு எழுதினார். நான்காம் நாள் புண் வற்றியதும் போதும் என்றார் என் கணவர். ஏழு நாளும் எதிரில் நின்று விழுங்க வைத்தேன்.

அத்துடன் தீர்ந்தது என்று நினைத்தோம். மூன்று வாரம் கழித்து என் மகன் தொடையில் அதே கடுகளவு சிவப்பு.

இந்த முறை ஊசியை எடுக்கவில்லை, கடைக்கும் போகவில்லை. மருத்துவர் கட்டியைப் பார்த்த நேரத்தைவிட எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்த நேரம்தான் அதிகம். எத்தனை பேர், எத்தனை துண்டு, ஒரே சோப்பா, சவரக் கத்தியை யாராவது மாற்றி எடுக்கிறார்களா, குளிருக்கு ஒரே கம்பளியில் படுப்பது யார் யார்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் ஸ்டாஃப் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்குமாம். இந்த முரட்டு ரகமும் அப்படி ஒளிந்திருந்து, கீறல் கிடைத்த இடத்தில் தலைகாட்டும்.

எனவே ஐந்து பேருக்கும் வைத்தியம். முபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பைக் காலையும் மாலையும் மூக்கினுள் தடவ வேண்டும், ஐந்து நாள். தினமும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் தேய்த்துக் குளிக்க வேண்டும். ஐப்பசிக் குளிரில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பதே எங்கள் வீட்டில் வீரம். "மூக்கில் மருந்து எனக்கெதற்கு, எனக்குச் சளியா பிடித்திருக்கிறது?" என்று அத்தை இரண்டு நாள் இழுத்தார். பேரனின் தொடையைக் காட்டிய பிறகுதான் முகத்தை நிமிர்த்தினார்.

புண்ணை மூடி வைப்பதும், கட்டு மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் இரண்டு நாளில் பழகிவிட்டன. துண்டுதான் படுத்தியது. தினமும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடச் சொன்னார் மருத்துவர். நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டிடமே தெரியவில்லை. சிரித்துவிட்டு, "எப்படியாவது ஈரமில்லாமல் காய வேண்டும், அவ்வளவுதான்" என்றார். இங்கே வடகிழக்கு மழையில் துவைத்த துண்டு மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் ஈர நாய் வாசனைதான் வரும். விறகடுப்புக்கு மேலே கம்பி இழுத்துப் பாதி உலர்த்தி, மீதியை இஸ்திரிப் பெட்டியால் ஓட்டினேன். சுவரில் ஐந்து ஆணி அடித்தோம். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒவ்வொரு நிற நூல். மகள் தன் ஆணிக்குக் கீழே பெயரே எழுதிவிட்டாள்.

பிறகு யாருக்கும் கட்டி வரவில்லை, எட்டு மாதம் ஆகிறது. அத்தை இன்னமும் அதைச் சூட்டுக் கட்டி என்றுதான் சொல்கிறார். ஆனால் அவருடைய பச்சை நூல் துண்டை நான் தவறுதலாகத் தொட்டால்கூட அதட்டுகிறார்.

அந்த இரண்டு மாதக் கரண்ட் பில் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வந்தது. எதற்கெடுத்தாலும் கணக்குப் பார்க்கும் என் கணவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், முழங்கைக்குக் கீழே உள்ள தழும்பைத் தடவிக்கொண்டார், ஒன்றும் பேசாமல் கட்டிவிட்டு வந்தார்.