நாசிக் ஒயினரியில் கணக்கு பார்த்த வருஷங்கள்

மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் திண்டோரி தாலுகாவில், திராட்சையிலிருந்து ஒயின் தயாரிக்கும் ஒரு சின்ன ஒயினரியில் கணக்குப் பிரிவில் சில வருஷம் இருந்தேன். ஜனவரி பிறந்தால் அறுவடை. விடியற்காலையில் பெட்டி பெட்டியாகத் திராட்சை வந்து இறங்கும், எடை போட்டு, நாலு பழத்தை நசுக்கி ஒரு சொட்டுச் சாற்றை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்ப்பார்கள், அந்த எண்ணைச் சீட்டில் எழுதி முடிக்கும்வரை விவசாயி கண்ணை எடுக்க மாட்டார். சீட்டு என் மேஜைக்கு வரும். பணம் எப்போது என்று அவர் கேட்பதும் என்னிடம்தான்.

பதில் பெரும்பாலும் மும்பையில், மாநில அரசிடம் இருந்தது. 2001-இல் காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் கூட்டணி அரசு மாநிலத்து ஒயினுக்குக் கலால் சலுகை கொடுத்த பிறகுதான் இங்கே ஒயினரிகள் பெருகின. அப்புறம் வந்த திட்டத்தில், வாட் என்ற விற்பனை வரி 20 சதவீதம் கட்டினால், நாலு சதவீதம் போக 16 சதவீதம் திரும்பக் கிடைக்கும். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலில் நாம் கட்டிவிட வேண்டும், திரும்பி வருவது அரசு நிதி ஒதுக்கும்போது. பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும், எங்கள் இடத்தில் அந்தத் தாமதம் நேராகத் தோட்டக்காரர் தலையில் விழுந்தது. "அடுத்த வாரம் தாதா" என்று, மராத்தியில் அண்ணனை அழைப்பது போல, நான் எத்தனை வாரம் சொல்லியிருப்பேன்!

2022 ஜனவரியில் சிவசேனா, தேசியவாத காங்கிரஸ், காங்கிரஸ் சேர்ந்த மகா விகாஸ் அகாடி கூட்டணி அரசு, 1000 சதுர அடிக்குக் குறையாத சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. விவசாயிக்காக என்றார்கள். பாஜக கடுமையாக எதிர்த்தது, அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். குடியால் நொந்துபோன வீடுகளை நினைத்தால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஜூனில் ஆட்சி போனது, முடிவும் கிடப்பில் போனது. ஆனால் இடையில் நின்றுபோயிருந்த வாட் திட்டத்தை 2023 கடைசியில் திரும்பக் கொண்டுவந்தது பாஜகவும் சேர்ந்த, ஏக்நாத் ஷிண்டே முதல்வராக இருந்த அரசுதான். எந்தக் கட்சி வந்தாலும் 'விவசாயிக்காக' என்றுதான் சொன்னார்கள், எங்கள் விவசாயிக்கு எந்தத் தேதியில் பணம் போகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒயின் ரகக் கொடி நட்டால் ஒழுங்காகக் காய்க்கவே மூன்று வருஷம் ஆகும். பழம் சின்னது, விதை இருக்கும், விதையில்லாத தாம்சன் திராட்சை மாதிரி சந்தையில் தள்ளிவிட முடியாது. ஒயினரி எடுக்காவிட்டால் கொடியிலேயே காய வேண்டியதுதான். பாக்கிக்காக நடந்து நடந்து அலுத்துப்போன ஒரு தாதா, ஏப்ரல் கவாத்துக்குப் போக வேண்டிய ஷிராஸ் என்ற ஒயின் ரகக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார். நான் மிச்சப் பணத்துக்கான காசோலையோடு போனபோது கட்டைகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. வாங்கிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்க, சாகேப்" என்றார்.