நமத்துப் போகாத வசந்தகாலக் கலவை: நாலாவது ஈட்டில் வந்த பதம்

ஒன்பது நாளாக இந்த டப்பா சமையலறை மேடையில் இருக்கிறது. இன்று காலை மூடியைத் திறந்து, அடியில் கிடந்த பாப்கார்ன் ஒன்றைத் தேடி எடுத்துக் கடித்தேன். கருக்கென்று உடைந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் வாரம் ஒரு ஈடாக ஒரு மாதம் செய்து பார்த்திருக்கிறேன்.

பாப்கார்ன், முடிச்சு வடிவில் மொறுமொறுவென்று சுட்ட உப்புப் பிரெட்சல், வறுத்த பாதாம், முந்திரி, பாலில் போட்டுச் சாப்பிடும் மொறுமொறு சீரியல். இவற்றின் மேல் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை ஊற்றிப் புரட்டி, ஆறியதும் உடைத்தெடுக்க வேண்டும். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னாலேயே உப்பு. வசந்தகாலக் கலவை என்ற பெயர் அதன் நிறத்தால் வந்தது. சர்க்கரை ஓடு போட்ட சின்னச் சாக்லேட் மணிகளை வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு, தளிர்ப்பச்சை நிறங்களில் மட்டும் பொறுக்கித் தூவினால், வெள்ளைக் கலவைக்கு நடுவே மொட்டு விட்டதுபோல் தெரியும். பார்த்தவுடன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

முதல் ஈடு அன்று சாயங்காலமே நமத்துவிட்டது. பாப்கார்னைப் பாத்திரத்தை இறுக மூடிப் பொரித்திருந்தேன். பொரிந்ததும் சூட்டோடு ஆழமான கிண்ணத்தில் கொட்டி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுச் சாக்லேட் உருக்கப் போனேன். திரும்பி வந்து தட்டைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் முழுக்க நீர்முத்து. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சோள மணிக்குள் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. சூடு 180 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, உள்ளே அழுத்தம் தாங்காமல் தோல் வெடித்து, மாவுப்பகுதி நுரைபோல் வெளியே மலர்கிறது. வெடித்த பிறகு அந்த ஆவி போவதற்கு வழி வேண்டுமே? மூடி வைத்தால் அதே ஆவியைப் பொரி திரும்பக் குடித்துவிடுகிறது. அதன் மேல் சாக்லேட்டையும் ஊற்றினால், உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வரவே வழியில்லை.

இப்போது பொரிக்கும்போது மூடியை ஒரு விரல் அகலம் விலக்கியே வைக்கிறேன். பொரிந்ததைப் பெரிய தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 120 டிகிரியில் 10 நிமிடம் ஓவனில் காட்டுகிறேன். ஓவன் இல்லாதவர்கள் அகலமான வாணலியில் சிறுதீயில் வைத்துப் புரட்டினாலும் போதும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நன்றாக ஆறிய பிறகு கடித்தால்தான் உண்மையான பதம் தெரியும்.

இரண்டாவது ஈட்டில் பாப்கார்ன் சரியாக வந்தது, சாக்லேட் கைவிட்டது. கொதிக்கும் தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். பளபளவென்று இளகி வந்தது. கிண்ணத்தைத் தூக்கிச் சாய்த்தபோது அடியில் ஒட்டியிருந்த நீர் வழிந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றியிருப்பேன், அதற்குள் மொத்தமும் ஈர மணல்போல் திரண்டு கரண்டியைப் பிடித்துக்கொண்டது. உருகிய சாக்லேட்டில் சர்க்கரைத் துகள்கள் கொழுப்புக்குள் தனித்தனியாக மிதக்கின்றன. துளி நீர் பட்டாலும் அந்தத் துகள்களின் மேற்பரப்பு கரைந்து, பசை தடவியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இப்படித் திரண்டதைக் கலவைக்கு ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவர முடியாது. சூடான பாலைத் தாராளமாக ஊற்றி அடித்தால் குழம்பாகிவிடும், வேறு இனிப்புக்கு உதவும். எனக்கு அது அப்படித்தான் பயன்பட்டது.

இன்னொரு கட்டியை எடுத்து உருக்கி, அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். அது அடுத்த தவறு. இருபது நிமிடத்தில் இறுகிவிட்டது, உண்மைதான். வெளியே எடுத்து வைத்ததும் குளிர்ந்த தட்டின் மேல் அறைக் காற்றின் ஈரம் முழுக்கப் படிந்தது. பச்சை மணியைச் சுற்றி வெள்ளைச் சாக்லேட்டில் பச்சை வளையம் பரவியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இளஞ்சிவப்பும் மஞ்சளும் கசிந்து ஒன்றில் ஒன்று கலந்தன. சர்க்கரை ஓட்டின் நிறம் தண்ணீரில் கரையக்கூடியது. நீர் படும் வரைதான் அந்த மணிகளுக்கு அழகு.

ஃபிரிட்ஜ் இல்லாமல் சாக்லேட் கெட்டியாக இறுக வேண்டும் என்றால், அதை முறையாகப் பதப்படுத்த வேண்டும். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ பட்டர் ஆறு விதமான படிக வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டும். அது ஏறத்தாழ 34 டிகிரி வரை உருகாமல் நிற்கும், கையில் ஒட்டாது, ஒடித்தால் பட்டென்று ஒடியும். பேருக்கு உருக்கி ஊற்றினால் மற்ற வடிவங்களும் கலந்து, மறுநாளும் விரலில் பிசுபிசுக்கும். வீட்டில் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு பங்கை உருக்கி 42 டிகிரியை ஒட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 28, 29 டிகிரிக்கு இறங்கும் வரை விடாமல் கிளற வேண்டும். உருகாத அந்தத் துண்டுகளில் இருக்கும் நல்ல படிகமே மற்றதற்கும் வழிகாட்டுகிறது. வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். மேலுதட்டில் தொட்டுப் பார்த்துக் கணிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறத்தையும் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால்தான் மேலே சொன்னது பொருந்தும். வேறு தாவரக் கொழுப்பில் செய்த பூச்சு வகைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, உருக்கி ஊற்றினாலே இறுகும். ஆனால் நாக்கில் மெழுகு படிந்ததுபோல் இருக்கும். அந்தச் சுவையில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது ஈடு முதல் நாள் அருமையாக இருந்தது. வசந்தம் என்றால் பழம் வேண்டாமா என்று உலர்ந்த கிரான்பெர்ரியும் பொன்னிறத் திராட்சையும் சேர்த்திருந்தேன். மூன்றாம் நாள் மகள் ஒரு பிரெட்சலைக் கடித்துவிட்டு, பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நேத்து மாதிரி இல்லம்மா. சத்தமே வரல."

"டப்பாவைச் சரியா மூடலையோ?"

"நான்தானே மூடினேன். இறுக்கித்தான் மூடினேன்."

அவள் சரியாகத்தான் மூடியிருந்தாள். ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே இருந்தது. உலர்பழம் என்று பெயர் இருந்தாலும், விரலால் அமுக்கினால் மெத்தென்று குழைகிறது என்றால் அதில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. மூடிய டப்பாவுக்குள் அந்த ஈரம் மெல்ல மெல்லப் பிரெட்சலுக்கும் பாப்கார்னுக்கும் நகர்ந்துவிடுகிறது. பழம் கல்லாகிறது, மற்றதெல்லாம் நமத்துப்போகிறது. அன்று மீதியிருந்த டப்பாவைக் கொட்டிப் பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தோம். பழத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுகள் முழுக்கத் துவண்டிருந்தன. தள்ளிக் கிடந்தவற்றில் கொஞ்சம் உயிர் இருந்தது. அதைக் கையால் தொட்டு உணர்ந்த பிறகுதான் மூன்று ஈடும் ஒரே காரணத்தால் கெட்டது என்று புரிந்தது. ஒரு முறை ஆவி, ஒரு முறை சொட்டு, ஒரு முறை பழம். எல்லாம் தண்ணீர்தான்.

நாலாவது ஈட்டை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பொருளாக எடுத்து, இதில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தொடங்கினேன். பழத்துக்கு, உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ராபெரி. பனிக்கட்டியாக உறையவைத்து, வெற்றிடத்தில் அந்தப் பனியை நேராக ஆவியாக்கி எடுத்தது. அதில் ஈரம் மிகமிகக் குறைவு. விரலில் நசுக்கினால் தூளாகிறது, நிறமும் அடர்ந்து நிற்கிறது. ஆனால் பாக்கெட்டைப் பிரித்துவைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும், அதனால் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும்.

எலுமிச்சை மணமும் வேண்டும் என்று ஆசை. ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும், வெள்ளை வராமல், துருவிக்கொண்டேன். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையில் அதைப் போட்டு விரல் நுனிகளால் தேய்க்கத் தேய்க்க, சர்க்கரை தோலைக் கீறித் தைலத்தை வாங்கிக்கொண்டு ஈர மண்போல் மஞ்சளாகிறது. அப்போது எழும் வாசனை இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது. அதை மெல்லிசாகப் பரப்பிக் குறைந்த சூட்டில் முழுக்க உலர்த்தி, விரலில் சரசரவென்று ஆனதும் பொடித்து வைத்தேன். பச்சைத் துருவலை நேராகச் சாக்லேட்டில் போட்டிருந்தால் இரண்டாவது ஈட்டின் கதைதான் திரும்பியிருக்கும்.

உப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இனிப்பும் உப்புமாக ஒரு பண்டம் ஏன் கையை விடமாட்டேன் என்கிறது? உப்பு கசப்பை அடக்குகிறது, கசப்பு அடங்கியதும் இனிப்பு மேலே எழுகிறது. பிரெஸ்லின், பியூசாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதைக் காட்டினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடிய உப்பு சேர்த்தபோது, கசப்பு தணிந்து இனிப்பு கூடித் தெரிந்தது. வறுத்த பருப்பின் தோலிலும், கருகலான பிரெட்சல் ஓட்டிலும் மெல்லிய கசப்பு இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் இந்தக் கலவைக்கு உப்பு அவ்வளவு பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

உப்பை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ள, ஒரே அளவு பாப்கார்னை மூன்று கிண்ணத்தில் பிரித்துக்கொண்டேன். முதலாவதில் உருகிய சாக்லேட்டில் உப்பைக் கலக்கி ஊற்றினேன். இரண்டாவதில் பாப்கார்னிலேயே போட்டேன். மூன்றாவதில் ஊற்றி முடித்து, இறுகும் முன் மேலே தூவினேன். சாக்லேட்டுக்குள் போட்ட உப்பு கரைவதே இல்லை, கரைய அங்கே தண்ணீர் கிடையாது. ஒரு வாய் சப்பென்று, அடுத்த வாய் உப்புக் கரித்து, சீரில்லாமல் இருந்தது. பாப்கார்னில் போட்டது இனிப்பு கரைந்த பிறகு மெதுவாகப் பின்னால் வந்தது. மேலே தூவியது நாக்கில் பட்டவுடனே தெரிந்தது. இப்போது பாதி பாப்கார்னுக்கு, பாதி மேலே. உப்பை மிக்ஸியில் மாவுபோல் அரைத்துக்கொண்டால்தான் பாப்கார்னில் ஒட்டும், இல்லையென்றால் பாதி கிண்ணத்தின் அடியில் கிடக்கும். மேலே தூவுவதற்குக் கொஞ்சம் பரலாக இருக்கட்டும்.

நாலாவது ஈட்டின் அளவு: சோள மணி 60 கிராம், எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, பிரெட்சல் 100 கிராம், பாதாமும் முந்திரியுமாக உப்பில்லாமல் வறுத்தது 100 கிராம், சீரியல் 80 கிராம், வெள்ளைச் சாக்லேட் 250 கிராம், சாக்லேட் மணிகள் 80 கிராம், ஸ்ட்ராபெரி 15 கிராம், உப்பு மொத்தம் அரைத் தேக்கரண்டி. பிரெட்சலை முதலில் ஒன்று தின்று பாருங்கள், அதன் மேல் உப்புப் பரல் அதிகம் என்றால் இந்த உப்பைப் பாதியாகக் குறைக்கலாம்.

வெடிக்காத சோள மணிகளைத் தட்டைக் குலுக்கிக் குலுக்கி அடியிலிருந்து பொறுக்கிவிடுங்கள். சாக்லேட் மூடிய பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது, பல்லைப் பதம் பார்த்துவிடும். எல்லாம் அறைச் சூட்டுக்கு ஆறியதும் அகலமான பாத்திரத்தில் சேர்த்து, சாக்லேட்டில் முக்கால் பாகத்தை ஊற்றி, அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டினேன். பட்டர் பேப்பரில் பரப்பிய பிறகு மீதியை நூல்போல் ஓடவிட்டேன். அது மங்கத் தொடங்கும் நேரத்தில்தான் மணிகளையும், நொறுக்கிய ஸ்ட்ராபெரியையும், எலுமிச்சைச் சர்க்கரையையும், உப்புப் பரலையும் தூவ வேண்டும். முன்னால் தூவினால் மணிகள் சாக்லேட்டில் முங்கி நிறம் மறையும், தாமதித்தால் ஒட்டாமல் உருண்டுபோகும். அந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். அதனால் தூவ வேண்டியதை எல்லாம் சிறு கிண்ணங்களில் முன்னமே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மகளையும் கூப்பிட்டுக்கொண்டேன். மஞ்சளும் பச்சையும் அவள் பொறுப்பு.

ஓர் எச்சரிக்கை. பாப்கார்னும் முழுப் பருப்பும் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடியவை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு மணி நேரத்தில் மேசைமேலேயே இறுகிவிட்டது. தாளை உரித்தபோது அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. ஒடித்துக் காற்றுப் புகாத இரண்டு டப்பாக்களில் போட்டேன். ஒன்று நாலு நாளில் தீர்ந்தது. இன்னொன்றைச் சோதனைக்காக யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்து, தினமும் காலையில் ஒன்று மட்டும் எடுத்துக் கடித்துப் பார்க்கிறேன். ஸ்ட்ராபெரித் துணுக்குகள் மட்டும் ஏழாம் நாளிலிருந்து கொஞ்சம் இளகியிருக்கின்றன. அடுத்த ஈட்டில் அவற்றைத் தூளாக்கிச் சாக்லேட்டிலேயே கலந்துவிடப் போகிறேன். கொழுப்புக்குள் புதைந்திருந்தால் காற்றின் ஈரம் அவ்வளவு சுலபமாக எட்டாது, நிறமும் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அப்படியென்றால் இளஞ்சிவப்பு மணிகள் தேவைப்படாது, மஞ்சளும் பச்சையும் மட்டும் போதும். பாக்கெட்டைக் கொட்டி நிறம் பிரிக்கும் வேலையை மகள் இப்போதே தொடங்கிவிட்டாள்.