மார்ச் அப்செட்கள்: நோட்டுப் போட்டு மறுபடி பார்த்த அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் நடக்கும் என்.சி.ஏ.ஏ. தொடரைப் பார்க்கிறவர்களுக்கு அப்செட், அதாவது பலவீனமான அணி பலமான அணியை வீழ்த்துவது, என்றதும் கடைசி நொடி ஷாட்தான் நினைவுக்கு வரும். நான் கொஞ்ச காலமாக அந்தக் கடைசி நொடியைத் தள்ளி வைத்துவிட்டு, பழைய ஆட்டங்களை முதல் நிமிடத்திலிருந்து பார்த்து வருகிறேன். பக்கத்தில் ஒரு நோட்டு. பந்து ஒரு அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுகிறேன்: எத்தனை நொடி வைத்திருந்தார்கள், எதில் போய் முடிந்தது, கூடையை நோக்கி எறிந்த ஷாட்டா, பந்தை எதிரணியிடம் இழந்த டர்ன்ஓவரா, எதிரணியின் தவறுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவா.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு புத்தகம். டீன் ஆலிவர் 2004-இல் எழுதிய 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்'. வெற்றியை நான்கு விஷயங்களாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் புத்தகம் அது: ஷாட் எவ்வளவு விழுகிறது, பந்தை எவ்வளவு இழக்கிறோம், தவறிய ஷாட்டை எவ்வளவு மீட்கிறோம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எவ்வளவு போகிறோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை பொசஷன், அதாவது பந்து ஒரு அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறை. ஸ்கோர் தாளை மட்டும் வைத்துக்கொண்டே அதை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். ஷாட் முயற்சிகளிலிருந்து, தவறிய தன் ஷாட்டை அந்த அணியே மீட்கும் தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் போதும். நான் கையால் எண்ணியதற்கும் இந்தக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது அந்த நான்கு அல்ல. பலவீனமான அணி எந்த மாதிரி ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விதான். காசைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழுவது சகஜம். ஆயிரம் தடவை சுண்டி எழுநூறு தலை வருவது நடக்காத காரியம். பொசஷன் குறையக் குறைய வலிமையான அணி தன் வலிமையைக் காட்டக் கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. சின்ன அணிகள் பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்துவதைப் பயம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது இந்த விளையாட்டின் மிக அறிவார்ந்த துணிச்சலாகத் தெரிகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1985 இறுதி ஆட்டத்தைப் போட்டேன். தொடர் 64 அணிகளாக விரிந்த முதல் வருடம் அது. சீட் என்பது ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்குத் தொடருக்கு முன் தரும் 1 முதல் 16 வரையான தரவரிசை எண், எண் கூடக் கூட அணி பலவீனம். எட்டாம் சீட் வில்லனோவா, நடப்புச் சாம்பியன் ஜார்ஜ்டவுனை 66-64 என்று வென்றது. இன்று வரை அதைவிடக் கீழான சீட் எதுவும் பட்டம் வாங்கியதில்லை. வில்லனோவா 28 ஷாட்டில் 22 போட்டது என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. அது நம்ப முடியாத எண்தான், மறுக்கவில்லை. நோட்டில் எழுதும்போது எனக்குக் கண்ணில் பட்டது பக்கத்து எண்: ஜார்ஜ்டவுன் எடுத்த ஷாட்கள் 53. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஷாட் எடுத்தும் தோற்றார்கள். அந்தத் தொடரில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை நொடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற கெடு, கிடையாது. 45 நொடிக் கிளாக் அடுத்த சீசனில்தான் வந்தது. நல்ல ஷாட் கிடைக்கும்வரை வில்லனோவா காத்திருக்க விதி இடம் கொடுத்தது, அவர்களும் காத்திருந்தார்கள். வீடியோவில் அந்தக் காத்திருப்பைத் தாண்டி ஓட்டாமல் பார்க்க வேண்டும். பந்து கை மாறி, மறுபடி கை மாறி, ஜார்ஜ்டவுனின் பெயர்பெற்ற தடுப்பாட்டம் ஒரு அடி முன்னே வரும் தருணம் வரை பொறுமை. அதன் பிறகுதான் ஷாட்.

அடுத்து 1996. பதின்மூன்றாம் சீட் பிரின்ஸ்டன், முந்தைய வருடச் சாம்பியன் யு.சி.எல்.ஏ.-வை 43-41 என்று வென்ற ஆட்டம். பிரின்ஸ்டன் பயிற்சியாளராக பீட் கேரில் வென்ற கடைசி ஆட்டமும் இதுதான். இப்போது கிளாக் இருக்கிறது, 35 நொடி. அந்த 35 நொடியையும் பிரின்ஸ்டன் முழுசாகப் பயன்படுத்துகிறது. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது 34-41 என்று பின்தங்கியிருந்தவர்கள், அதன்பின் யு.சி.எல்.ஏ.-வுக்கு ஒரு புள்ளிகூட விடவில்லை.

வெற்றி தந்த கடைசி ஆட்டத்துணுக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஸ்டீவ் குட்ரிச் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் பந்தோடு நிற்கிறார். முதல் வருட மாணவர் கேப் லெவுல்லிஸ் ஓரத்திலிருந்து தடுப்பவரின் முதுகுப் பக்கமாகக் கூடையை நோக்கி வெட்டி ஓடுகிறார். வழி இல்லை. வெளியே வருகிறார். மறுபடி அதே வெட்டு. இந்த முறை தடுப்பவர் அரை அடி வெளியே நகர்ந்திருக்கிறார். குட்ரிச்சின் பாஸ் தரையில் பட்டு எழும்பி லெவுல்லிஸ் கைக்கு வருகிறது. பலகையில் தட்டி லே-அப், கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் எளிய ஷாட். கேரிலின் அணிகள் வருடக்கணக்கில் ஆடிவந்த பழைய வெட்டுதான் இது, எதிரணிக்கும் தெரிந்ததுதான். ஒரு தடவை மூடிய கதவை உடனே மறுபடி தட்டிப் பார்த்த அந்த நிதானம் என்னை மிகவும் கவர்ந்தது.

பிரின்ஸ்டனைப் பார்த்த கையோடு ஜான் மெக்ஃபீ 1965-இல் எழுதிய 'எ சென்ஸ் ஆஃப் வேர் யு ஆர்' படித்தேன். அதே கல்லூரியில் ஆடிய பில் பிராட்லி பற்றிய சின்னப் புத்தகம். அதில் ஒரு இடம். பழக்கமில்லாத ஒரு ஜிம்மில் பிராட்லியின் ஷாட்கள் வரிசையாகத் தவறுகின்றன. சற்று நின்று யோசித்துவிட்டு, கூடை ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்கிறார். மெக்ஃபீ பிறகு ஏணியோடு போய் அளந்து பார்க்கிறார். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, நிஜமாகவே தாழ்ந்திருக்கிறது. விளையாட்டுத் திறமையைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு துல்லியமான பத்தி வேறில்லை. விளையாட்டு உதவித்தொகை தராத கல்லூரி அது. அப்படியும் பிராட்லியின் அணி 1965-இல் நாடளவில் நான்காம் இடத்திலிருந்த பிராவிடன்ஸை 109-69 என்று சாய்த்து இறுதி நால்வருக்குள் போனது. மெதுவாக ஆடினால்தான் பெரிய அணியை வெல்லலாம் என்பது சட்டமல்ல என்பதற்கு அந்த 109 போதும்.

சரி, பதினாறாம் சீட்கள். ஆண்கள் பிரிவில் முதல் சீட்கள் பதினாறாம் சீட்களை 135 முறை தொடர்ந்து ஜெயித்த பிறகு, 2018-இல் பதினாறாம் சீட் யு.எம்.பி.சி., முதல் சீட் வர்ஜீனியாவை 74-54 என்று வென்றது. இந்த ஆட்டத்தில் பொசஷன் கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. அப்போது நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று வர்ஜீனியாதான். பலமான அணியே பொசஷனைக் குறைத்தால் எதிரணிக்குத்தான் லாபம். இடைவேளையில் 21-21. தவிர, யு.எம்.பி.சி. 24 த்ரீ பாயின்டரில் (தூரத்திலிருந்து எடுக்கும் மூன்று புள்ளி ஷாட்) 12 போட்டது, வர்ஜீனியா 22-இல் 4. இரு அணிகளும் வழக்கமான அளவில், மூன்றில் ஒன்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். யு.எம்.பி.சி.க்கு 12 புள்ளி குறையும், வர்ஜீனியாவுக்குப் 10 கூடும். மொத்தம் 22. ஆட்டத்தின் வித்தியாசம் 20!

அதற்காக இதை அதிர்ஷ்டம் என்று மூடிவைக்க எனக்கு மனமில்லை. இரண்டாம் பாதியில் ஜைரஸ் லைல்ஸ் 23 புள்ளி எடுத்தார், அதில் பெரும்பகுதி அவர் தானாகத் தடுப்பைப் பிளந்துகொண்டு போனதால் வந்தது. முக்கியமான வீரர் டியாண்ட்ரே ஹன்டர் காயத்தால் வர்ஜீனியாவுக்கு ஆடவில்லை என்பதும் உண்மை.

2023-இல் முதல் சீட் பர்டியூவை 63-58 என்று வென்ற பதினாறாம் சீட் ஃபேர்லி டிக்கின்சனின் வழி வேறு. கல்லூரிக் கூடைப்பந்தின் மேல் மட்டமான டிவிஷன் ஒன்றில் அன்றிருந்த 363 அணிகளில் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அது. எதிரே 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி. அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்றார்கள். அவரிடம் பந்து போகும் வழியையே அடைத்தார்கள். வெளியே தனியாக விடப்பட்டவர்கள் ஷாட் எடுத்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். பர்டியூ 26 த்ரீ பாயின்டரில் 5 மட்டுமே போட்டது. ஈடி எப்படியும் 21 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார். அதையும் மீறித்தான் தோல்வி. பந்தைக் கொண்டுவருபவர்மேல் மைதானம் முழுக்க அழுத்தம் கொடுத்தது இன்னொரு காரணம். குள்ளமான அணிக்கு வேகம்தான் சொத்து, அதை அவர்கள் செலவழிக்கத் தயங்கவில்லை.

ஆனால் பதினாறாம் சீட் முதன்முதலில் ஜெயித்தது 2018-இல் அல்ல. அதற்கு இருபது வருடம் முன்பே, 1998-இல், பெண்கள் பிரிவில் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 71-67 என்று வென்றுவிட்டது. ஆலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி. ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் முழங்கால் காயத்தால் வெளியே இருந்தார்கள். அப்செட் பேச்சில் இந்த ஆட்டம் அடிக்குறிப்பாகத்தான் வருகிறது என்பது எனக்கு வருத்தம். வரிசையில் முதலில் எழுத வேண்டிய பெயர் ஹார்வர்டுதான்.

நோட்டில் இதுவரை இருப்பவை எல்லாம் ஜெயித்த அப்செட்கள். அதை மட்டும் வைத்து எந்த உத்தி வேலை செய்கிறது என்று முடிவுக்கு வருவது சரியல்ல. அதே உத்தியோடு இறங்கித் தோற்றவர்களையும் எண்ண வேண்டும். அதனால் அடுத்து 1989: பதினாறாம் சீட் பிரின்ஸ்டன், முதல் சீட் ஜார்ஜ்டவுன். இடைவேளையில் பிரின்ஸ்டன் 29-21 என்று முன்னால். கடைசியில் 49-50. அலோன்சோ மோர்னிங்கின் கைகள் கடைசி நொடிகளில் ஷாட்டை மறித்தன. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் தனித்தனியாக, பிரின்ஸ்டன் ஒரு பொசஷனுக்கு எத்தனை நொடி எடுத்தது என்று எழுதப்போகிறேன். அதோடு 2022-இல் பதினைந்தாம் சீட்டாக வந்து கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டியூ மூன்றையும் தாண்டிய செயின்ட் பீட்டர்ஸ், வட கரோலினாவிடம் 49-69 என்று நின்றுபோன ஆட்டமும்.