வீட்டைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பார்த்த தரகர்

அப்பா காலமான பிறகு திருச்சி கே.கே.நகர் வீட்டில் அம்மா தனியாக இருந்தார். முழங்கால் வலியோடு மாடி ஏறி இறங்குவது, மோட்டார் போடுவது, தோட்டத்தைப் பார்ப்பது எல்லாம் அவரால் முடியவில்லை. வீட்டை விற்று, என் வீட்டுப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்று அம்மாவும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வந்த தரகர், "உங்களுக்குக் கையில எவ்வளவு வரணும்னு சொல்லுங்க, அதுக்கு மேல வர்றது என்னோடது" என்றார். இந்த ஏற்பாட்டுக்கு யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் என்ன கொடுக்கிறார் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்து வந்தவரை ஏரியாவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் 1 முதல் 2 சதவீதம் கமிஷன் கேட்பது வழக்கம். அவர் 1 சதவீதம் கேட்டார், அதுவும் பதிவு முடிந்த பிறகு. வீட்டைச் சுற்றிக் காட்டலாம் என்று நான் எழுந்தேன். "வீடு எங்கேயும் போயிடாதும்மா, பத்திரத்தை எல்லாம் எடுங்க" என்று ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), பட்டா, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் என ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். அப்பா 1988-இல் மனை வாங்கியிருந்தார். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. அது பெரிய விஷயமில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்றார். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்த்ததும்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். வீடு கட்ட அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன், அடமானமாக அப்படியே நின்றது. கடனை அவர் பைசா பாக்கியில்லாமல் கட்டி முடித்தது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சங்கம் பதிவு செய்யவே இல்லை. அது பதிவாகாதவரை வில்லங்கச் சான்றில் அடமானம் தீராததாகவே தெரியும். வாங்குபவருடைய பேங்க் வக்கீல் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

சங்கத்துக்கு நானும் பாயும் போனோம். இப்போதிருக்கும் செயலாளருக்கு அந்தக் கடனைப் பற்றி எதுவும் தெரியவில்லை. பழைய லெட்ஜர்கள் பின் அறையில் கிடந்தன. பூச்சி அரித்த ஒரு கட்டைப் பிரித்து, பாயும் ஊழியர் ஒருவரும் பக்கம் பக்கமாகத் தேடினார்கள். கடைசித் தவணை, தேதி, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து எல்லாம் நீல மையில் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகும் தீர்மானம் போட்டு, செயலாளரை அழைத்து வந்து, ரசீதைப் பதிவு செய்யும்வரை அலைந்தோம். அதுவரை ஒரு ஆளைக்கூட வீடு பார்க்கப் பாய் அழைத்து வரவில்லை. "இப்ப காட்டினா, குறையைச் சொல்லி விலையை அடிப்பாங்கம்மா" என்றார். அவர் வாங்கிய கமிஷனுக்கு இந்த ஒரு வேலையே ஈடாகிவிட்டது என்பது என் கருத்து.

அப்பா உயில் எழுதவில்லை. அதனால் அம்மா, தம்பி, நான் மூவருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் ஒப்புதலோடு கிடைத்தது. தம்பி சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு எனக்குப் பவர் (தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பதிவின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவச் சான்றும் கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்ததும் பாய்தான்.

அப்புறம்தான் வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தார்கள், மாடிச் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டினார்கள். 82 லட்சம் சொன்னோம். ஒருவர் 80-க்கு ஒப்புக்கொண்டு, அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். அம்மா உடனே மறுத்துவிட்டார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தவறு. வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட நேரலாம். பாயும் அவரிடம் பேசிப் பார்த்தார்: முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 10 லட்சத்தை மறைத்தால் மிஞ்சுவது 90,000 ரூபாய், அதற்காகப் பேங்க் கடனும் குறையும், நாளைக்கு விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் கூடும். அவர் கேட்கவில்லை, போய்விட்டார்.

கடைசியில் பள்ளி ஆசிரியத் தம்பதி ஒருவருக்கு 78 லட்சத்துக்கு முடிந்தது, முழுக்க வெள்ளையாக. 2 லட்சம் குறைந்தாலும் அம்மாவுக்கு நிம்மதி. அட்வான்ஸ் வாங்கி, ஒப்பந்தத்தையும் பதிவு செய்தோம். பேங்க் வக்கீல் வில்லங்கச் சான்றைப் பார்த்து மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வரி விஷயத்தில் ஆடிட்டரை முன்னதாகவே பார்த்துவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்தக் கணக்கு கிடையாது, கூடுதலாகப் பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றுக்கு வருமான வரித் துறையில் தம்பி முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கினான். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பையே அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். அம்மா, நான் இரண்டு பேர் பங்குக்கும், அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தும் கணக்கோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா என்று இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்துக் குறைவானதை எடுத்தார் ஆடிட்டர்.

பதிவு அன்று டோக்கன், கைரேகை, போட்டோ, இரண்டு சாட்சிகள். பேங்க் அதிகாரி காசோலைகளை அங்கேயே கொடுத்தார். பாய் அம்மாவுக்கு ஒரு நாற்காலி பிடித்துப் போட்டுவிட்டு, கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். அவர் கமிஷனை வங்கி மூலமாகவே அனுப்பினோம்.

லாபத்தை வேறு வீட்டில் போட்டு வரி விலக்குப் பெற 2 வருடம் அவகாசம் உண்டு. அம்மாவுக்கு இப்போது ஃபிளாட் பார்க்கிறோம், பாயோடுதான். போன வாரம் பார்த்தது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. லிப்ட் இருக்கிறது, கோயிலும் பக்கம். தாய்ப் பத்திர நகல் கைக்கு வரட்டும், அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று பாய் சொல்லியிருக்கிறார்.