ஏழாம் நாள் விடியலில் ஓசன்னா

பழைய யூத ஆலய வளாகத்தில் எஞ்சி நிற்கும் மேற்குச் சுவரை நாங்கள் அடைந்தபோது எருசலேமில் இன்னும் விடியவில்லை. கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள். இரவெல்லாம் விழித்திருந்து வேதம் வாசித்த யூதர்கள் அப்படியே ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். தலையை மூடிக்கொண்டு ஆண்கள் பகுதிக்குள் போனேன். பார்த்த கையிலெல்லாம் குருத்தோலை.

ஆம், குருத்தோலைதான். பேரீச்சையின் விரியாத குருத்து. அதோடு மிருதுச்செடிக் கிளை மூன்று, ஆற்றலரிக் கிளை இரண்டு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இன்னொரு கையில் நார்த்தங்காயைப் போன்ற மஞ்சள் கனி, எத்ரோக். லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் சொன்னபடியே.

களத்தின் பலனையும் திராட்சையையும் சேர்த்து முடித்ததும் வரும் அறுப்புப் பண்டிகை இது. எகிப்திலிருந்து மீண்ட முன்னோர் வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருந்ததன் நினைவும் இதுவே. களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, வீட்டை விட்டு வெளியே வா என்கிறது வேதம். முந்தின நாள் ஒரு கூடாரத்துக்குள் எங்களை உட்காரவைத்தார்கள். கூரை முழுக்க வெட்டிய தழையும் ஓலையும். வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் மழையை முற்றிலும் தடுக்குமளவுக்குக் கூரை கனமாக இருக்கக் கூடாது. இடைவெளியில் வானம் தெரிந்தது.

விடிந்ததும் வேதச்சுருளைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். மற்ற நாட்களில் ஒரு சுற்று, இன்று ஏழு. வாய் ஓயாமல் ஒரே சொல்: "ஓஷானா, ஓஷானா."

என் உடம்பு சிலிர்த்தது. குருத்தோலை ஞாயிறன்று சிறுவயது முதல் நான் பாடிவரும் ஓசன்னா அல்லவா இது! அதை வாழ்த்தொலி என்றே நினைத்துப் பாடியிருக்கிறேன். இங்கே அது கெஞ்சல். "கர்த்தாவே, இரட்சியும்" என்ற 118-ஆம் சங்கீதத்தின் மன்றாட்டு; எபிரேயத்தில் "ஓஷியா நா" என்றால் "இரட்சியும்". எருசலேம் தேவாலயம் நின்ற நாட்களில், அருகிலிருந்த மோத்சாவிலிருந்து ஆற்றலரியை வெட்டிவந்து பலிபீடத்தைச் சுற்றி நிறுத்தி, இதே சொற்களைச் சொல்லிச் சுற்றினார்களாம். கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது. பலிபீடம் போயிற்று, சுற்று போகவில்லை.

கடைசியில் ஆற்றலரிக் கட்டுகளைத் தரையில் ஓங்கி அடித்தார்கள். கல்தளமெங்கும் பச்சை இலை.

எல்லாம் மழைக்காகத்தான். அக்காலத்தில் இப்பண்டிகை நாட்களில் சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பொற்குடுவையில் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். அந்தக் குளத்தின் படிகள் 2004-இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று ஆண்டவர் இயேசு சத்தமிட்டதும் இப்பண்டிகையின் கடைசி நாளில்தான் என்று யோவான் எழுதுகிறார். எத்தனை முறை வாசித்த வசனம்! அந்தத் தண்ணீரை நினைத்து நான் வாசித்ததே இல்லை.

மறுநாள் இங்கே மழைக்கான ஜெபம் தொடங்கும். எங்கள் பக்கத்திலும் ஐப்பசி மழைக்குக் குளங்கள் காத்துக் கிடக்கும் நேரம். சுவரில் நெற்றியை வைத்து, எங்கள் ஊர்க் குளத்தை நினைத்து நானும் சொன்னேன்: "ஓஷியா நா."