அறுபது நாள் பருந்து

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் கேமைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு. புதிதாகச் சேர்பவர்கள் 7 நாள் தொடர்ந்து லாகின் செய்தால், ஏறிப் பறக்கும் செம்பருந்து இலவசமாம்.

2020 ஊரடங்கில் அந்தப் பருந்துக்கு நான் பட்ட பாடு! ஒரு நாளைக்கு 5 இறகுதான் கிடைக்கும், 300 சேர வேண்டும். அறுபது நாள். ஒரு ராத்திரி கரண்ட் போய், வைஃபையும் படுத்துவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, ஒரே ஒரு கோடு சிக்னலில் அன்றைய கடைசி இறகை 11:57-க்கு எடுத்தேன். கீழே அம்மா டார்ச் அடித்துக்கொண்டு திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

பழைய ஆட்களுக்கு ஈடாக 500 கேம் காசு வந்திருக்கிறது. கடையில் ஒரு தொப்பியே 800.

மார்ச் 5, புதன்

கில்டில், அதாவது கேமில் சேர்ந்து ஆடும் எங்கள் குழுவில், ரகளை. "என் அறுபது நாளைத் திருப்பிக் குடு" என்று ஒருத்தர். "பொம்மைப் பருந்துக்கா இந்தக் கூப்பாடு" என்று இன்னொருத்தர். இரண்டும் சரி என்றுதான் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 8, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பையனும் சேர்ந்துவிட்டான். "மாமா, இன்னும் ரெண்டே நாள், பருந்து வந்துரும்" என்று குதிக்கிறான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து, "உங்களுக்கு அறுபது நாள் ஆச்சுன்னா எனக்கும் ஆகணுமா?" என்று கேட்டான்.

ஒன்பதாம் வகுப்பு. தினம் அரை மணி நேரம்தான் போன் கிடைக்கும், பரீட்சை வந்தால் அதுவும் இல்லை. பழைய கணக்கில் அவனுக்குப் பருந்து கிடைத்த மாதிரிதான்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வராமல் யோசித்ததில் ராக்கெட் லீக் ஞாபகம் வந்தது. 2015 முதல் காசுக்கு விற்ற கேமை 2020 செப்டம்பரில் இலவசமாக்கினார்கள். நான் 2017-இல் காசு கொடுத்து வாங்கியவன். ஆனாலும் எரிச்சல் வரவில்லை. முன்பே வாங்கியவர்களுக்கு, முதலில் ஆடிய வருஷத்தைக் காட்டும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே 2017 என்று நிற்கும். அவ்வளவுதான், மனசு ஆறிவிட்டது.

ஃபோர்ட்நைட் கேமும் இதே வழியில் போனது. 2017 ஹாலோவீனுக்கு வந்த மண்டையோட்டு வேஷத்தை மறுவருஷம் திரும்பவும் விற்றபோது, முதலிலேயே வாங்கியவர்களுக்கு மட்டும் ஊதா ஒளி வீசும் வடிவம் தந்தார்கள்.

2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேம் செய்தது வேறு ரகம். டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட் (ஆடிச் சேர்க்கும் கேம் காசு) கேட்டு, ஊரே கத்திய பிறகு 15,000 ஆக்கினார்கள். அதே கையோடு கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் 20,000-ஐ 5,000 ஆக்கிவிட்டார்கள். பொருளின் விலையோடு கூலியும் இறங்கியது.

சரி, என் கதைக்கு வருவோம். ஐந்து வருஷம் அந்தப் பருந்தின் மேல் உட்கார்ந்து பந்தா காட்டியிருக்கிறேன். போட்ட உழைப்புக்கு அதுவே வட்டியும் முதலும். எனக்குப் பெரிதாக நஷ்டம் இல்லை. ஆனால் கில்டில் சேலத்துத் தம்பி ஒருவன் உண்டு, டெலிவரி வேலை. இந்த மாதம் 1-ஆம் தேதி, சம்பளம் வந்த கையோடு, 399 ரூபாய்க்கு 100 இறகு வாங்கினான். மூன்றே நாளில் அது குப்பை. இலவசமாக்கப் போவது உள்ளே இருப்பவர்களுக்கு அன்றைக்கே தெரியாமலா இருந்திருக்கும்? குறைந்தது விற்பனையையாவது நிறுத்தியிருக்கலாமே. அவனுக்கும் அதே 500 காசுதான்.

மார்ச் 10, திங்கள்

பணத்தைத் திருப்பிக் கேட்டு சேலத்துத் தம்பி கேம் கம்பெனிக்கு எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது: "தங்கள் கருத்துக்கு நன்றி."

ராத்திரி அக்கா பையனுக்குப் பருந்து கிடைத்தது. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் எப்படி இறங்குவது என்று காட்ட, பின்னாலேயே வரச் சொல்லிப் பறந்தேன். வானம் முழுக்கச் செம்பருந்து, எல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி. உச்சியில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வேறு யாருடைய பருந்தையோ நான் என்று நினைத்துக்கொண்டு, அதன் பின்னால் பாலைவனத்துக்கே போய்விட்டான்.